இரைச்சலை எடுப்பதற்கு முன்னால்

மான்செஸ்டரில் இருந்த உறவினர் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது உங்களுக்கு 11 கேசட்டுகள் வந்து சேர்ந்திருக்கின்றன. எல்லாம் 70களின் ப்ராக் ராக் (புரோகிரசிவ் ராக், நீண்ட பாட்டுகள் கொண்ட ராக் இசை) கச்சேரிகள், ரசிகர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் பதிவு செய்தவை. ஒன்றின் மேல் ‘ஜெனிசிஸ் 75, மாஸ்டர்’ என்று பேனாவால் எழுதியிருக்கிறது. அதில் ஜெனிசிஸ் குழுவின் நீண்ட பாட்டான ‘சப்பர்ஸ் ரெடி’ முழுதாக இருக்கிறது, ஆனால் நடுவில் ஓரிடத்தில் வெட்டு விழுகிறது, கொஞ்சம் வேகமாகவும் ஓடுகிறது என்கிறீர்கள். எந்த சாஃப்ட்வேரில் இரைச்சலை எடுக்கலாம், எடுத்த பிறகு மற்றவர்களுக்குப் பகிர்ந்தால் தப்பா என்பது கேள்வி.

சாஃப்ட்வேர் பெயரை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று தோன்றுகிறது: இந்தப் பதிவில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? அதை முடிவு செய்ய எனக்கு என்ன உரிமை? இருபது வருடமாக டேப்பிலிருந்து கணினிக்கு ஏற்றும் வேலை செய்கிறவன் நான். சோறு போடுவது நாதஸ்வரக் கேசட்டுகளும் பழைய மேடைப் பேச்சுகளும். ப்ராக் ராக் ராத்திரியில் வீட்டில் செய்யும் வேலை. அதனால் டேப்பைப் பற்றிச் சொல்வதை நம்பலாம். சட்டத்தைப் பற்றிச் சொல்வதை ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ‘மாஸ்டர்’ என்ற சொல். கேசட் பரிமாறிக்கொள்ளும் ஆட்களிடம் அது ரொம்ப மலிவாகப் புழங்கிய சொல். அரங்கில் ஓடிய கேசட்தான் மாஸ்டர். அதிலிருந்து எடுத்தது முதல் தலைமுறை, அதிலிருந்து எடுத்தது இரண்டாம் தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் இரைச்சல் கூடும், மேல் ஸ்தாயி மங்கும், ஓட்டத்தில் ஒரு தள்ளாட்டம் சேரும். நாலாவது கைக்குப் போனபோது யாரோ ஒருவர் தன்னிடம் இருப்பதே மூலம் என்று நினைத்து ‘மாஸ்டர்’ என்று எழுதியிருப்பார். உங்கள் கேசட்டில் ஒரு சின்னத் தடயம் இருக்கிறது. மாஸ்டராக இருந்தால் வெட்டு விழும் இடம், ரசிகர் கேசட்டைத் திருப்பிப் போட்ட இடமாக இருக்கவேண்டும். அதாவது முதல் பக்கம் தீர்ந்துபோகும் இடத்தில் வரவேண்டும். டேப் இன்னும் மிச்சமிருக்கும்போதே, பக்கத்தின் நடுவில் வெட்டு வந்தால் அது வேறொரு கேசட்டின் பக்க முடிவு, உங்களுடையதில் நகலாகியிருக்கிறது. ப்ராக் ராக்கில் இது தீராத தலைவலி. 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம்தான், பாட்டோ 23 நிமிடம். எங்கே திருப்பினாலும் எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்பே முக்கால்வாசி காரியம் முடிந்துவிடும், அல்லது கெட்டுவிடும். கேசட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். திறந்த வாய்ப்பக்கம் செம்புத் தகட்டில் ஒரு சின்ன ஃபெல்ட் துண்டு ஒட்டியிருக்கும். டேப்பை, அதிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். ஐம்பது வருடத்தில் கோந்து காய்ந்து அது விழுந்திருந்தால், ஒலி வந்து வந்து போகும். ஆட்கள் அதை டேப் கெட்டுப்போனதாக நினைத்துத் தூக்கிப்போடுகிறார்கள். வேறொரு கேசட்டிலிருந்து துண்டை எடுத்து ஒட்டினால் போதும். சி-120 (மொத்தம் 120 நிமிடம்) என்று போட்டிருந்தால் வேகமாக முன்னும் பின்னும் சுற்றாதீர்கள். சி-60இல் டேப்பின் கனம் சுமார் 18 மைக்ரான், சி-120இல் அதில் பாதிதான். இழுத்தால் நீண்டுவிடும், நீண்டது திரும்பாது.

அடுத்தது ஹெட்டின் சாய்வு, அசிமத் என்பார்கள். கேசட் டேப்பின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. பதிவு செய்த கருவியின் ஹெட்டுக்கும் உங்கள் டெக்கின் ஹெட்டுக்கும் மயிரிழை சாய்வு வித்தியாசம் இருந்தாலும் மேல் ஸ்தாயி முழுக்கப் போய்விடும். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். இரண்டு சேனலையும் ஒன்றாக்கி, மோனோவில், ஹெட்போனில் கேட்டபடி, சின்னத் திருப்புளியால் அதை ஒரு நூலளவு திருப்புங்கள். முன்னே போர்வைக்குள்ளிருந்து கேட்ட கைத்தட்டல் தனித்தனி உள்ளங்கைகளாகப் பிரியும், டிரம்ஸில் ஹை-ஹாட் எங்கிருந்தோ வந்து நிற்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபடி மறைந்துவிடும். உச்சம் எங்கே என்று காதால் பிடித்துவிட்டுத்தான் பதிவை ஆரம்பிக்கவேண்டும். இதை ஒவ்வொரு கேசட்டுக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாகச் செய்யவேண்டும். திருகின் பழைய நிலையை மார்க்கரால் குறித்துவைக்க மறக்காதீர்கள். இந்த இடத்தில் இழந்த மேல் ஸ்தாயியை எந்த சாஃப்ட்வேரும் திருப்பித் தராது. ஈக்வலைசரை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும்.

டால்பி (கேசட்டின் இரைச்சலைக் குறைக்க டெக்கில் இருக்கும் வசதி) விஷயத்தில் என் வழக்கம், சந்தேகமாக இருந்தால் போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை என்று இரண்டு தடவை ஏற்றுவது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் போதும். ஏற்றிய கோப்பைத் தொடாமல் இரண்டு இடத்தில் வையுங்கள். இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் கிங் க்ரிம்ஸன் என்ற ப்ராக் ராக் குழுவின் கச்சேரி ஒன்றை ஏற்றி, அப்போது கிடைத்த கருவியால் இரைச்சலை வழித்து எடுத்து, டிஸ்கில் இடமில்லை என்று மூலக் கோப்பை அழித்துவிட்டேன். அன்றைக்குப் பளிச்சென்று இருப்பதாகத் தோன்றியது. ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் சிம்பல் ஒவ்வொன்றும் தண்ணீருக்கடியில் குமிழி விடுகிற மாதிரி இருந்தது. கேசட்டைத் தேடி எடுத்தேன், பூஞ்சை பிடித்திருந்தது. அந்தக் குமிழிதான் இன்று என்னிடம் மிச்சம்.

இப்போது நீங்கள் சொன்ன வேகம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொன்னால் மன்னிக்கவேண்டும். கூட்டத்தில் பதிவு செய்தவர்கள் பெரும்பாலும் பேட்டரியில் ஓடும் கருவியைத்தான் கொண்டுபோனார்கள். பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகும். மெதுவாக ஓடிய டேப்பைச் சரியான வேகத்தில் திருப்பிப் போட்டால் சுருதி ஏறிக் கேட்கும். அதனால் கச்சேரி ஆரம்பத்தில் சரியாக இருந்து முடிவில் ஏறிப்போன பதிவுகள் உண்டு. முழுக் கோப்புக்கும் ஒரே திருத்தம் போட்டால் ஒரு முனை சரியாகி மறுமுனை கெடும். அதற்கு மேல் நகல் எடுத்த டெக்குகளின் பிழை வேறு.

அப்படியானால் சரியான வேகம் எது என்பதற்கு சாட்சி யார்? ஸ்டுடியோ ஆல்பத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்கிறார்கள் பலர். ஆல்பத்தையும் வேகம் மாற்றி மாஸ்டர் செய்த காலம் அது, அதனால் முழுக்க நம்ப முடியாது. நான் முதலில் பார்ப்பது மின்சாரத்தின் ரீங்காரத்தை. மேடையில் இருந்த ஆம்ப்ளிஃபயர்களிலிருந்து மெல்லிய ஹம் வந்துகொண்டேயிருக்கும், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அது டேப்பில் ஏறியிருக்கும். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் 50, அல்லது அவற்றின் இரட்டிப்பு. அமெரிக்கக் கச்சேரி ஒன்றின் ஸ்பெக்ட்ரத்தை விரித்துப் பார்க்கும்போது அந்தக் கோடு 62இல் நின்றால், 62ஐ 60ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 3.3 சதவீதம் வேகம். நம் கணக்கில் சொன்னால் கால் கட்டைக்குக் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது. 45 நிமிடக் கச்சேரி ஒன்றரை நிமிடம் முன்னதாக முடிந்துவிடும். சில டேப்புகளில் 62இல் ஒரு கோடும் 60இல் ஒரு கோடும் சேர்ந்து தெரியும். 62 அரங்கத்தில் ஏறியது, 60 பின்னால் யாரோ நகலெடுத்தபோது அவர் வீட்டு மின்சாரத்திலிருந்து ஏறியது. கேசட்டின் குலமுறைக் கிளத்து அங்கே எழுதியிருக்கிறது. ஆனால் நீங்கள் இருப்பதும் 50 ஹெர்ட்ஸ் நாடு, கச்சேரி நடந்ததும் அநேகமாக 50 ஹெர்ட்ஸ் நாடு. உங்கள் டெக்கின் ஹம்மையே கச்சேரியின் ஹம் என்று நம்பிவிடும் ஆபத்து இருக்கிறது. டேப் ஓடாமல் நிற்கும்போது ஒரு நிமிடம் பதிவு செய்து பாருங்கள். அப்போதும் தெரிகிற கோடு உங்கள் வீட்டுடையது.

இன்னொரு சாட்சி ப்ராக் ராக்குக்கே உரியது: ஹேமண்ட் ஆர்கன். அதன் உள்ளே பல் சக்கரங்களைச் சுழற்றுவது மின்சாரத்தின் அலைவெண்ணோடு பூட்டிய மோட்டார். மின்சாரம் 60 என்றால் 60க்கு உரிய வேகம், இம்மி மாறாது. கிட்டாரை யாரும் எப்படியும் சுருதி சேர்த்திருக்கலாம், ஹேமண்டைச் சேர்க்கவே முடியாது. அதை வாசித்த கீத் எமர்சனோ ரிக் வேக்மனோ ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்திருக்கும் இடம் கிடைத்தால் அது ஒரு சுருதிப்பெட்டி மாதிரி. (60க்காகச் செய்த ஆர்கனை அப்படியே 50இல் செருகினால் ஒன்றரைக் கட்டைக்கு மேல் இறங்கிவிடும். அதனால் சுற்றுப்பயணத்தில் அதற்கு மாற்றுக் கருவி வைத்துக்கொண்டார்கள்.) நேர்மாறானது மெல்லோட்ரான். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு டேப் ஓடுகிற வாத்தியம் அது. அதன் மோட்டார் அரங்கத்து மின்னழுத்தம் இறங்கினாலே தளரும், கொத்தாகக் கட்டைகளை அழுத்தினால் அந்தப் பாரத்திலும் தளரும். ஜெனிசிஸ் கச்சேரியின் தொடக்கத்தில் அந்த மெல்லோட்ரான் முழங்கும்போது சுருதி அசைந்தால், உடனே டேப்பின் பிழை என்று திருத்தப் போகாதீர்கள். அன்றைக்கு அரங்கத்தில் அப்படியேதான் ஒலித்திருக்கும்.

இனிதான் இரைச்சல். இதுவரை சொன்னதில் எனக்கு ஐயமில்லை. இனிமேல் சொல்வது என் ரசனையும் சேர்ந்தது. ஆர்எக்ஸ் மாதிரியான சாஃப்ட்வேர் நல்லதுதான், இலவசமான ஆடாசிட்டியும் ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் நான் 3 அல்லது 4 டெசிபெலுக்கு மேல் இறக்குவதில்லை, பல டேப்பில் தொடுவதே இல்லை. சீரான இரைச்சலைக் காது ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். விட்டு விட்டு வரும் குமிழியை மறக்காது. கிங் க்ரிம்ஸன் 1973 நவம்பர் 23 அன்று ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபௌவில் வாசித்த கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வயலினும் மெல்லோட்ரானும் பாஸும் மட்டுமாக மனோதர்மமாய் வாசித்த ஒரு பகுதி ‘ட்ரியோ’ என்ற பெயரில் ‘ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்’ ஆல்பத்தில் வந்தது. டிரம்மர் பில் புரூஃபோர்டு ஒரு தட்டுகூடத் தட்டாமல் குச்சிகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அடக்கத்துக்காகவே இசையமைப்பில் அவர் பெயரையும் சேர்த்தார்கள். இப்படிப்பட்ட நிசப்தமான இடத்தில் சாஃப்ட்வேருக்கு எது இரைச்சல், எது வயலின் வில்லின் உரசல் என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடும். அந்த ஆல்பத்தில் பெரும்பகுதி மேடையில் பதிவானதுதான். கூட்டத்தின் சத்தத்தை அவர்களே நீக்கி, ஸ்டுடியோ ஆல்பம் போல 1974இல் வெளியிட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது பல தடப் பதிவு, அதனால் முடிந்தது. நம் கையில் இருப்பது பத்தாவது வரிசையில் யாரோ ஒருவருடைய கோட்டுக்குள்ளிருந்து வந்த ஒலி.

வாத்தியங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். சோதித்துப் பார்க்கலாம், தப்பில்லை. சவுண்ட்போர்டிலிருந்து (மேடை ஒலியைக் கலக்கும் கருவி) நேராக எடுத்த சுத்தமான பதிவில் குரலைக் கொஞ்சம் தூக்கிவிட உதவியிருக்கிறது. கூட்டத்துப் பதிவில் என் அனுபவம் சுமார்தான். அரங்கத்தின் எதிரொலியில் எல்லாம் குழைந்து கிடக்கும், மெல்லோட்ரானின் கோரஸைப் பாடகரின் குரல் என்று எடுத்துக்கொண்டு பிரித்துவிடும். திரும்பச் சேர்த்தால் முன்னைவிட மோசம். வெட்டு விழுந்த இடத்தில் வேறொருவர் அதே கச்சேரியில் எடுத்த பதிவிலிருந்து ஒட்டுப் போடுவது பழைய வழக்கம், அதைச் செய்யலாம். வேறு ஊர்க் கச்சேரியிலிருந்து எடுத்து ஒட்டினால் குறிப்பில் நொடிக் கணக்கோடு சொல்லிவிடவேண்டும். சொல்லாமல் ஒட்டுவதற்குப் பெயர் மோசடி.

பகிர்வதைப் பற்றி. கச்சேரி நடந்து ஐம்பது வருடம் ஆகிவிட்டதே என்பது முழுப் பதில் இல்லை. இந்தியச் சட்டத்தில் கலைஞரின் நிகழ்த்துரிமைக்கு 50 ஆண்டு, ஆனால் பாட்டை எழுதியவருடைய உரிமை அவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும். ஜெனிசிஸில் பாடிய பீட்டர் கேப்ரியல், கிங் க்ரிம்ஸனின் ராபர்ட் ஃபிரிப் இருவரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். ஆகவே சட்டப்படி இது சுத்தமான காரியம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இதைச் செய்கிறவர்களுக்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது, சட்டமல்ல, ஒழுங்கு: காசு வாங்கக்கூடாது, அதிகாரபூர்வமாக வெளியானதைப் போடக்கூடாது, குழு வேண்டாம் என்றால் எடுத்துவிடவேண்டும். எனக்கு அந்த ஒழுங்கில் நம்பிக்கை உண்டு. 70களில் பிங்க் ஃப்ளாய்டின் 1972 கச்சேரியை, ‘டார்க் சைட்’ ஆல்பம் வருவதற்கு முன்பே, இசைத்தட்டாக அடித்து விற்றவர்களையும் ஒரு வெற்று கேசட்டும் தபால் செலவும் மட்டும் வாங்கிக்கொண்டு நகல் அனுப்பியவர்களையும் ஒரே சொல்லால் திட்டுவது நியாயமாகப் படவில்லை.

குழுக்களின் மனமும் ஒன்றுபோல் இல்லை. கச்சேரியில் பதிவு செய்வதைக் கடுமையாக எதிர்த்த ஃபிரிப்பின் நிறுவனமே பின்னால் ரசிகர் பதிவுகளையும் தரவிறக்கத்துக்கு விற்றது. 1972இல் கிங் க்ரிம்ஸன் வெளியிட்ட ‘எர்த்பவுண்ட்’ ஆல்பமே கேசட்டில் பதிவானது. ஒலித்தரம் போதாதென்று அமெரிக்காவில் வெளியிட நிறுவனம் மறுத்துவிட்டது. அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா 1991இல் தன் கச்சேரிகளின் பூட்லெக்குகளையே (திருட்டு வெளியீடுகளையே) அப்படியே நகலெடுத்துத் தானே விற்றார், பழிக்குப் பழி. ஜெர்மனியின் கேன் குழு ஒரு ரசிகர் ரகசியமாக எடுத்த பதிவுகளிலிருந்துதான் 2021 முதல் கச்சேரி ஆல்பங்களைக் கொண்டுவந்தது. பிங்க் ஃப்ளாய்டின் 1975 ஏப்ரல் 26 லாஸ் ஏஞ்சல்ஸ் கச்சேரியை மைக் மில்லர்ட் என்பவர் சக்கர நாற்காலிக்குள் நகமிச்சி 550 கருவியை ஒளித்துக் கொண்டுபோய்ப் பதிவு செய்ததாகச் சொல்வார்கள். அந்தப் பதிவை இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் மீட்டெடுக்க, 2025இல் குழுவே அதிகாரபூர்வமாக வெளியிட்டது. அரை நூற்றாண்டு கழித்துத் திருடனுக்கே அழைப்பிதழ்.

ஆகவே பகிர்ந்தாலும் பகிராவிட்டாலும் ஒரு காகிதம் எழுதிவையுங்கள். கேசட்டின் பிராண்ட், உறை மேல் எழுதியிருந்தது அப்படியே, எந்த டெக், டால்பி போட்டதா இல்லையா, வேகத்தில் எத்தனை சதவீதம் மாற்றினீர்கள், எதைக் கொண்டு அதை முடிவு செய்தீர்கள். கோப்பு தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக்கில் இருக்கட்டும், எம்பி3 வேண்டாம். ‘மாஸ்டர்’ என்று எழுதாதீர்கள், ‘உறையில் மாஸ்டர் என்று எழுதியிருக்கிறது’ என்று எழுதுங்கள்.

கடைசியாக அந்த ‘75’. என் கணிப்பில் அது தப்பு. 1974 நவம்பர் முதல் 1975 மே வரை ஜெனிசிஸ் நூறுக்கும் மேற்பட்ட மேடைகளில் வாசித்தது ‘தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே’ இரட்டை ஆல்பத்தை முழுதாக. கடைசியில் ஓரிரண்டு பழைய பாட்டு மட்டும். 23 நிமிட ‘சப்பர்ஸ் ரெடி’க்கு அங்கே இடமில்லை. பாட்டுக்கு முன்னால் யாராவது ஒரு விசித்திரமான கதை சொல்கிறாரா என்று கேளுங்கள். மற்றவர்கள் கிட்டாருக்குச் சுருதி சேர்க்கும் நேரத்தை நிரப்ப கேப்ரியல் கதை சொல்வார். பாடுவதும் அவர் என்றால் உங்கள் கேசட் 1972 முதல் 74க்குள். பாடுவது குழுவின் டிரம்மர் ஃபில் காலின்ஸ் என்றால் 1976 அல்லது அதற்குப் பிறகு, டிரம்ஸில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். யார் குரல் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள், எந்த ஊர் என்று அதற்கப்புறம் தேடலாம்.